கம்பிச் சுருளில் மின்சாரம் வருகிறது, எல்.இ.டி. எரியவில்லை

குரோம்பேட்டையில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. 1831-இல் விஞ்ஞானி ஃபாரடே காட்டியதுபோல கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை ஆட்டி, சிவப்பு எல்.இ.டி. எரிய வைக்க வேண்டும். நான்கு நாளாக எரியவில்லை.

ரிச்சி தெருவில் வாங்கிய 28 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, ஒரு அங்குல பி.வி.சி. குழாயில் 300 சுற்று. நியோடைமியம் காந்தம் 10 மி.மீ. தான், குழாய்க்குள் தளர்வாக ஓடுகிறது.

முனைகளில் எனாமலைச் சுரண்டிவிட்டேன். இணைப்பு அறுபடவில்லை. எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டும் பார்த்தாயிற்று. கால்வனாமீட்டரில் (சிறு மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி) காந்தம் உள்ளே போனால் முள் ஒரு பக்கம், வெளியே வந்தால் மறுபக்கம், அசையாமல் நின்றால் சைபர். அதைப் பார்த்து மகள் துள்ளிக் குதித்தாள்! ஆனால் வேகமாக ஆட்டினாலும் 0.2 வோல்ட்தான், எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 1.8 வேண்டுமே.

சுற்றுகளைக் கூட்டுவதா, காந்தத்துக்கு ஒட்டிய மெல்லிய குழாயில் புதிதாகச் சுற்றுவதா, எதை முதலில் செய்யட்டும்?