சிறு நீராவி எஞ்சினுக்கு எந்த வடிகால் வால்வு?

வெள்ளவத்தை வாசகர்:
5 அங்குல அகலத் தண்டவாளப் பாதையில் ஓடும், பிஸ்டன் வால்வு (நீராவியைச் சிலிண்டருக்குள் விடும் உருளை வடிவ வால்வு) கொண்ட நீராவி எஞ்சின் ஒன்றைக் கட்டிவருகிறேன். சிலிண்டரில் சேரும் நீரை வெளியேற்ற, கையால் திறக்கும் கூம்பு வால்வு நல்லதா, அழுத்தத்தில் தானாக மூடும் குண்டு வால்வு நல்லதா?

தெமட்டகொடை அன்பர்:
கையால் திறப்பதையே வையுங்கள், ஐயா. குளிர்ந்த சிலிண்டரில் நுழையும் நீராவி உடனே நீராகிறது, நீரோ அமுங்காது. நீராவியை உள்ளே விடுவது தட்டை வால்வாக இருந்தால் அது சற்றே எழும்பி நீருக்கு வழிவிடும். பிஸ்டன் வால்வு அவ்வாறு எழாததால், சிலிண்டர் மூடி பிளக்கவோ இணைப்புத் தண்டு வளையவோ நேரும். தானியங்கி வால்வு நீர் முழுவதும் வெளியேறுமுன்பே மூடிக்கொள்ளக்கூடும்.

செய்யும்போது, வால்வின் உள்ளே திரும்பும் கூம்புச் செருகியைக் கடைந்த கோணத்தை மாற்றாமல், உடலின் துளையைச் சீவும் கருவியையும் அதே அமைப்பில் கடைந்துகொள்ளுங்கள். குறுக்குத் துளையை, செருகியை வெண்கல உடலில் பொருத்திய பின்பே இடவேண்டும். தனித்தனியே துளைத்தால் இரண்டும் நேர்ப்படுவது அரிது.

கொட்டாஞ்சேனை அன்பர்:
ரப்பர் வளையம் இட்டால் கூம்பு கடையும் சிரமமே இல்லை. ஆனால் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ். சாதாரண நைட்ரைல் ரப்பர் இறுகிவிடும், வைட்டன் என்ற ரப்பர் வகை தாங்கும். பஞ்சிகாவத்தைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், விற்பவர் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசகர்:
நன்றி. இரு சிலிண்டர்களின் இரு முனைகளிலும் உள்ள நான்கு வடிகால் வால்வுகளையும் ஒரே நெம்புகோலால் திறக்கலாமா?

தெமட்டகொடை அன்பர்:
தாராளமாக. திறந்தபடியே மெதுவாகப் புறப்பட்டு, நீர் தெறிப்பது நின்று ஆவி மட்டும் வரத் தொடங்கியதும் மூடுங்கள்.