மக்னீசிய கிராங்க் கேஸில் விரிசல்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
என்னுடைய 1973ஆம் ஆண்டு போர்ஷே 911 காரின் எஞ்சினைப் பிரித்தபோது, ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் மரைத்தண்டு) ஒன்று மக்னீசிய கிராங்க் கேஸின் (கிராங்க் தண்டைத் தாங்கும் எஞ்சின் கூடு) மரையையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அருகே நகநீளத்துக்கு ஒரு விரிசலும் தெரிகிறது. வெல்டிங் செய்யலாமா?

பதில் (வாளையாறு):
செய்யலாம், ஐயா. ஊறிய எண்ணெய் முழுவதும் போகக் கழுவி, விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, கேஸைச் சூடாக்கி, ஏசி டிக் வெல்டிங்கில் (மந்த வாயுவின் பாதுகாப்பில் மாறுமின்னோட்டத்தால் செய்யும் வெல்டிங்) மக்னீசியக் கம்பியால் நிரப்பி மெல்ல ஆறவிட வேண்டும். சூட்டில் கேஸ் கோணியிருக்கலாம் என்பதால், இரு பாதிகளையும் இணைத்து கிராங்க் தண்டு சுழலும் மெயின் பேரிங் துளைகளை அளந்து, தேவைப்பட்டால் அவற்றை ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங் செய்யுங்கள்.

பதில் (பாலக்காடு):
பிடுங்கிய ஒன்றுக்கு மட்டுமல்லாமல் 24 ஸ்டட்களுக்கும் எஃகு இன்செர்ட் (துளைக்குள் பொருத்தும் மரையுள்ள குழல்) போடுவதே நல்லது. மக்னீசியத் தூளில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எங்கள் பட்டறையில் உலர்ந்த மணல் வாளி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

கேட்டவர்:
நன்றி. கோவைக்கு லைன் போரிங்குக்குக் கொண்டுபோகிறேன்.