பழைய எஸ்டீம் காரின் மீட்டர் உறை நொறுங்குகிறது: ஒட்ட வழி உண்டா?

திருநகரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1996ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி எஸ்டீம் கார் இன்றும் எங்களிடம் ஓடும் நிலையில் இருக்கிறது. எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு என்பதாலும் காருக்குக் கூரை இல்லாததாலும், ஏறக்குறைய 30 கோடைகளின் மாலை வெயில் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் மேலேயே விழுந்திருக்கிறது. சென்ற வாரம் மீட்டர் பல்பை மாற்றுவதற்காக அதைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றினேன். மெதுவாகத்தான் இழுத்தேன், ஆனாலும் அப்பளம் உடைவதைப் போன்ற ஓசையுடன் இரண்டு கிளிப்புகள் முறிந்தன, ஸ்க்ரூ இறங்கும் குழல் ஒன்று நீளவாக்கில் பிளந்துவிட்டது. நொடியில் ஒட்டும் சிறு ட்யூப் பசையைப் போட்டேன். மூன்றாம் நாளே, ஒட்டிய இடத்திற்கு ஒரு நூல் தள்ளிப் புதிதாக முறிந்தது. ஸ்டீயரிங் தண்டின் கீழ் உறையிலும் ஒரு விரிசல் இருக்கிறது. அதில் அந்தப் பசை பிடிக்கவே இல்லை. இவற்றைக் காப்பாற்ற வழி இருந்தால் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கப்பலூர், பம்பர் ஒட்டும் பட்டறை

ஐயா, பசை வாங்குவதற்கு முன் அது எந்தப் பிளாஸ்டிக் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உறையின் உட்புறத்தில் ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP, பாலிப்ரோப்பிலீன்) என்று பிளாஸ்டிக்கின் வகை சிறிய எழுத்துகளில் அச்சாகியிருக்கலாம். எழுத்து இல்லையென்றால், வெளியே தெரியாத ஓர் ஓரத்தில் பஞ்சால் ஒரு துளி அசிட்டோன் தொட்டு வையுங்கள். ஏபிஎஸ் என்றால் இளகிப் பிசுபிசுக்கும். பிபி என்றால் ஒன்றும் ஆகாது. தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி என்று முடிவுசெய்பவர்களும் உண்டு. டால்க் என்னும் கனிமத் தூள் கலந்த பிபி மூழ்கிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய ரப்பர் துகள்கள் கலந்திருக்கின்றன. அடியைத் தாங்கும் குணம் அவற்றால்தான் வருகிறது. வெயிலும் காற்றும் சேர்ந்து முதலில் அந்த ரப்பரைத்தான் கெடுக்கும். ஆகவே உங்கள் உறையில் முறிந்த இடம் மட்டுமன்றி முழுவதுமே வலுவிழந்திருக்கிறது. பசை கல்லாக இறுகி நின்றது, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் அந்த விறைப்பைத் தாங்காமல் முறிந்தது. விரிசலை மட்டும் ஒட்டாமல் உட்புறம் முழுவதற்கும் முதுகெலும்பு போல ஒரு பூச்சுக் கொடுப்பதுதான் நிலைக்கும்.

முதலில் சோப்புத் தண்ணீரால் நன்கு கழுவுங்கள். டேஷ்போர்டு பளபளப்புக்குத் தடவும் சிலிக்கான் பாலிஷ் மிச்சமிருந்தால் எதுவும் ஒட்டாது. விரிசல் முடியும் முனையில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கண்ணாடியிழைத் துணியை 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, இரண்டு ட்யூப்களாக வரும் எபாக்ஸியில் நனைத்துப் படியவையுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட, மெதுவாக இறுகும் வகையே வலுவானது. ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள்.

பிளந்த குழலுக்கு நான் செய்வது இது: இரு பாதிகளையும் சேர்த்து, தையல் நூலை நெருக்கமாகப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, அந்த நூல் ஊறும்படி எபாக்ஸி தடவுவேன். உள்ளே வாசலின் பூசிய ஸ்க்ரூவை வைத்துவிட்டால் மரை அடைபடாது.

மேலூர், வாடகைக் கார் ஓட்டுநர்

அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கழற்றும் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்கழிக் காலையில் இந்த உறைகளைத் தொடவே கூடாது. காரை ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, கதவுகளைத் திறந்து வெக்கை தணிந்தபின், பிளாஸ்டிக்கில் சூடு இருக்கும்போதே கழற்றுங்கள். அப்போது கிளிப் சற்று வளைந்துகொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், மூங்கில் சிம்பைச் சீவி நுழைத்துக் கழற்றுங்கள். இதைப் படிக்கும் வேறு யாரிடமேனும் ஏர்பேக் உள்ள கார் இருந்தால், ஏர்பேக்கின் மூடியை ஒட்டவோ அதன்மேல் எதையும் பூசவோ கூடாது. பை விரியும்போது அந்த மூடி தனக்கென்று விட்ட கோட்டில்தான் கிழிய வேண்டும்.

திருநகரிலிருந்து

இருவருக்கும் மிக்க நன்றி. அசிட்டோன் வைத்துப் பார்த்தேன். மீட்டர் உறை இளகியது. ஸ்டீயரிங் கீழ் உறை மெழுகு போல வழவழப்பாக அப்படியே இருக்கிறது. அப்படியானால் இரண்டாவதற்கு எபாக்ஸி உதவாதா?

கப்பலூர், பம்பர் ஒட்டும் பட்டறை

உதவாது, ஐயா. அது பிபி. பிபியைப் பிபியால்தான் உருக்கி இணைக்க வேண்டும். பிபியின் குறியாக முக்கோணத்திற்குள் 5 என்று பொறித்த உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எங்காவது கிடைக்கும். அதிலிருந்து தீக்குச்சி அகலத்திற்குப் பட்டைகளாகச் சீவிக்கொள்ளுங்கள். விரிசலை ‘வி’ வடிவில் கீறி, சால்டரிங் அயர்னால் இரு ஓரங்களையும் பட்டையையும் ஒன்றாக உருக்கிக் குழைக்க வேண்டும். தெருவில் பிளாஸ்டிக் குடம் ஒட்டுபவர்கள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் செய்வதும் இதே வேலைதான். உட்புறத்தில், பழைய எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலையை ஒரு துண்டு வெட்டி அமிழ்த்திவிட்டால் இரும்பு போல நிற்கும். புகை மூச்சில் ஏறாதபடி வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள். பிளாஸ்டிக் கருகினால் சூடு அதிகம் என்று பொருள். கருகிய இடத்தில் வலு இருக்காது.

திருநகரிலிருந்து

ஞாயிறன்று இரண்டையும் முடித்து, நேற்று நண்பகலில் பொருத்தினேன். ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, ‘டக்’ என்று பழைய மரையில் விழுந்தபின் வலப்பக்கமாகக் கையாலேயே முடுக்கினேன். நூல் சுற்றிய குழல் அசையவில்லை. முறிந்த கிளிப்புகளில் ஒன்றின் துண்டு கிடைக்காததால், அந்த மூலையில் மட்டும் ஒரு நூல் அளவு இடைவெளி தெரிகிறது. பழைய ஏபிஎஸ் துண்டை அறுத்து ஒரு கிளிப் செதுக்கிப் பார்க்கப்போகிறேன்.