எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து: எங்கள் குடும்பக் குழுவில்

சித்தப்பா (மாண்ட்ரியல்): நேற்று ரிமூஸ்கி பக்கம் புவாந்த்-ஓ-பேர் என்ற ஊருக்குப் போய் வந்தோம். செயின்ட் லாரன்ஸ் நதிக்கரை. நதி என்று பேர்தான், எதிர்க்கரை சரியாகவே தெரியாது. அங்கே ‘எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து’ கப்பலுக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. 1914 மே 29 அதிகாலை அந்தக் கரைக்கு எதிரே முழுகிய கப்பல். 1,012 பேர் இறந்துபோனார்கள்.

தம்பி: டைட்டானிக்குக்கு இரண்டே வருஷம் கழித்தா? நான் கேள்விப்பட்டதே இல்லையே சித்தப்பா.

சித்தப்பா (மாண்ட்ரியல்): அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பயணிகளை மட்டும் கணக்கெடுத்தால் இதில் 840 பேர், டைட்டானிக்கைவிட அதிகம். ஆனால் இது முதல் பயணம் போன புதுக் கப்பல் இல்லை, கோடீஸ்வரர்கள் கூட்டமும் இல்லை. 1906லிருந்து லிவர்பூலுக்கும் கியூபெக்குக்கும் போய்வந்துகொண்டிருந்தது. கனடாவில் பிழைக்க வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அது முழுகி இரண்டு மாதத்தில் உலகப்போர் தொடங்கிவிட்டது. அப்புறம் யார் நினைப்பார்கள்?

பெரியப்பா: படகு பற்றாக்குறையாடா?

சித்தப்பா (மாண்ட்ரியல்): இல்லை அண்ணா. டைட்டானிக்குக்குப் பிறகு எல்லோருக்கும் போதுமான படகு வைத்திருந்தார்கள். இறக்கத்தான் நேரமில்லை. மோதியதிலிருந்து 14 நிமிடம், அவ்வளவுதான்.

அத்தை: ஐயோ, 14 நிமிஷமா! எதில் மோதியது அண்ணா?

சித்தப்பா (மாண்ட்ரியல்): இன்னொரு கப்பல்தான்மா. எம்ப்ரஸ் மே 28 மாலை கியூபெக்கிலிருந்து 1,477 பேரோடு கிளம்பியது. நள்ளிரவு தாண்டி புவாந்த்-ஓ-பேரில், நதியில் வழிகாட்டிக் கூட்டிவந்த பைலட்டை இறக்கிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பியது. எதிரே ஸ்டோர்ஸ்டாட் என்ற நார்வே கப்பல் நிலக்கரிச் சுமையோடு வருகிறது. இரண்டு பேரும் ஒருவர் விளக்கை ஒருவர் பார்த்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மூடுபனி நடுவில் இறங்கிவிட்டது. எம்ப்ரஸ் கேப்டன் கெண்டால், வலப்பக்கத்துக்கு வலப்பக்கமாகத் தாண்டிவிடலாம் என்று இருந்தார். ஸ்டோர்ஸ்டாடில் பொறுப்பிலிருந்த அதிகாரி, இடப்பக்கத்துக்கு இடப்பக்கம் என்று நினைத்தார். பனிக்குள் ஸ்டோர்ஸ்டாட் திரும்பியது. 1:55 சுமாருக்கு எம்ப்ரஸின் வலது விலாவில், நட்டநடுவில் குத்தியது.

கெண்டால் மெகாஃபோனை எடுத்து அந்தக் கப்பலைப் பார்த்துக் கத்தினார்: இன்ஜினை நிறுத்தாதே, முன்னாலேயே ஓட்டு, ஓட்டையை அடைத்துக்கொண்டு நில் என்று. நிற்க முடியவில்லை. ஸ்டோர்ஸ்டாடின் மூக்கு வெளியே வந்ததும் தண்ணீர் புகுந்துவிட்டது.

பெரியப்பா: தண்ணீர் புகாத கதவுகள் என்ன ஆயிற்று?

சித்தப்பா (மாண்ட்ரியல்): ஆள் போய்க் கையால் மூட வேண்டிய கதவுகள் அண்ணா.

பெரியப்பா: சரிதான். கப்பல் சாய ஆரம்பித்தபிறகு கையால் மூடுவது நடக்காத காரியம். வட்ட ஜன்னல்கள்?

சித்தப்பா (மாண்ட்ரியல்): காற்றுக்காகப் பல ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். சாய்ந்ததும் அவை வழியாகவும் வந்துவிட்டது.

பெரியப்பா: அப்போது படகு இருந்தும் பிரயோஜனமில்லை. வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கத்துப் படகு கப்பல் உடம்பிலேயே கிடக்கும், தண்ணீருக்கு இறங்காது. நானும் கப்பலில் இருந்தவன், அந்த நிலையை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

சித்தப்பா (மாண்ட்ரியல்): சில நிமிடத்தில் விளக்கும் அணைந்துவிட்டது. கப்பலில் முதல் ராத்திரி, எந்தப் படி எங்கே போகிறது என்று பலருக்குத் தெரியாது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வழியே இல்லை. 138 குழந்தைகளில் பிழைத்தது 4 பேர்.

அத்தை: நாலே பேரா. படிக்கவே முடியவில்லை.

சித்தப்பா (மாண்ட்ரியல்): அதில் ஒருத்தி கிரேஸ் ஹனகன், 7 வயது. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அப்பா, இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பின் பேண்டு மாஸ்டர். லண்டனில் நடந்த அவர்கள் மாநாட்டுக்கு ஒரு பெரிய கூட்டமே இந்தக் கப்பலில் கிளம்பியிருந்தது. பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. கிரேஸ் 1995 வரை இருந்தார்.

அத்தை: நம்ம நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துகிறார்களே, அந்தச் சேனையா?

சித்தப்பா (மாண்ட்ரியல்): அதேதான்மா.

தம்பி: தப்பு யார் மேல் என்று முடிவானதா?

சித்தப்பா (மாண்ட்ரியல்): கியூபெக்கில் விசாரித்தது லார்ட் மெர்சி, டைட்டானிக்கை விசாரித்த அதே ஆள். ஸ்டோர்ஸ்டாட் பனிக்குள் திரும்பியதுதான் காரணம் என்றார். நார்வேக்காரர்கள் தனியாக விசாரித்து எம்ப்ரஸ் மேல் போட்டார்கள். அவரவர் கப்பலை அவரவர் காப்பாற்றிக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒன்று மட்டும் சொல்லணும். மோதிய ஸ்டோர்ஸ்டாட்காரர்கள் ஓடிப்போகவில்லை. படகு இறக்கி நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கினார்கள். அந்தக் கேப்டனின் மனைவியும் கப்பலில் இருந்தார், நனைந்து நடுங்கியவர்களுக்குத் தன் துணிமணியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தம்பி: சித்தப்பா, ஆகஸ்ட்டில் நான் வரும்போது அங்கே கூட்டிப் போவீர்களா?

சித்தப்பா (மாண்ட்ரியல்): கட்டாயம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், ஆகஸ்ட் சரியாக இருக்கும். இறந்தவர்களைப் புதைத்த இடமும் பக்கத்திலேயே சாலையோரம் இருக்கிறது, அங்கேயும் போவோம்.

பெரியப்பா: என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்டா. விசாவுக்கு இப்போதே விண்ணப்பிக்கிறேன்.