ஜீப் பம்ப் எல்லாம் ஒன்றுதானா? பழைய எஞ்சின்காரர்களின் அனுபவங்கள்

போடி ஜீப்:
என்னுடையது போர்க்கால வில்லிஸ் ஜீப். எஞ்சின் சூடேறினால் ஆயில் பிரஷர் முள் படுத்துவிடும். கடைக்காரர் மஹிந்திராவுக்கான ஆயில் பம்ப்பைக் கொடுத்து, "ஜீப்புக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று அடித்துச் சொன்னார். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின, பல்தான் சேரவில்லை. மெக்கானிக் சுத்தியலை எடுத்தேவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டு பம்ப்பையும் வாங்கிச் சேர்த்துப் பிடித்தார். ஒன்றின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, மற்றதன் பற்கள் நேர் எதிராக. "உங்களுடையது செயின் எஞ்சின்; கேம்ஷாப்ட்டை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டை, செயின்தான் சுற்றுகிறது. இது கியர் எஞ்சினுக்கு; அதில் கேம்ஷாப்ட் எதிர்த்திசையில் சுற்றும்" என்றார். கடைக்காரரோ, "நீங்கள் சரியாகச் சொல்லவில்லை" என்கிறார்! பணமும் வரவில்லை.

குன்னூர்க்காரன்:
தம்பி, கடைக்காரரை மட்டும் திட்டாதீர்கள். 1946 வாக்கில் வில்லிஸ் செயினைக் கைவிட்டு கியருக்கு மாறியது. பல்லைக் கவனிக்காமல் பம்ப்பின் உடலை மட்டும் பார்த்தால் யாருக்கும் பேதம் தெரியாது. என் சி.ஜே. 3பி ஜீப் கோத்தகிரி ஏற்றத்தில் கார்புரேட்டர் வழியே வெடித்து நின்றது. "டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் கருவி) தொடவே இல்லை" என்று மெக்கானிக் சாதித்தார். உண்மைதான், கழற்றியது பம்ப்பை மட்டும். ஆனால் இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே பம்ப்பின் தண்டுதானே! பம்ப் பல் மாறி உட்கார்ந்தால் தீப்பொறி விழும் நேரமும் மாறிவிடும்.
நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் முதல் சிலிண்டரின் வயரைப் பார்க்கிறதா என்று பாருங்கள். அதன்பின் எஞ்சினை அசைக்கவே கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு மையத்தில் இல்லாமல் ஓரமாக இருக்கும். பம்ப் தண்டின் காடியில் ஒரே விதமாகத்தான் உட்காரும். பூட்டியபின் ரோட்டார் விலகியிருந்தால், பம்ப்பை வெளியே இழுத்து ஒரு பல் தள்ளிப் போடுங்கள். பூட்டும்போதே பம்ப்பில் ஆயில் ஊற்றிவிடுங்கள். காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது.

கொக்குவில் மைனர்:
ஐயா சொல்வது ஜீப்புக்கு மட்டும். இதை வாசித்துவிட்டு மொரிஸ் மைனர்காரர் எவரும் பம்ப்பைத் தேடி அலைய வேண்டாம். அந்தக் காரில் அது கேம்ஷாப்ட்டின் பின்முனையில், பிளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதற்குத் தனி ஸ்பிண்டில், அதாவது பல் வைத்த தனித் தண்டு. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்காக டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்தள்ளி வைத்திருந்தோம். பெற்றோல் வந்ததும் ஒரு கராஜ்காரர் ஸ்பிண்டிலையே உருவிவிட்டார்! கிளாம்பைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பினால் முடிகிற வேலை. பிறகு அப்பா நீளமான 5/16 போல்ட்டை ஸ்பிண்டிலின் தலையில் திருகி உள்ளே இறக்கினார். பல் பிடித்ததும் போல்ட் அவர் விரல்களுக்குள் தானாக இடஞ்சுழியாகத் திரும்பியது. அந்தத் திருப்பத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் இறக்க வேண்டுமாம். கராஜ்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். கூலியை மட்டும் குறைக்கவில்லை.