டீம் லீடுகளுக்கு டெலிவரி தவறுவதில்லை, தூக்கம் மட்டும் 3 மணிக்குக் கலைகிறது: நரம்பு மண்டலத்தில் என்ன நடக்கிறது?

ஓஎம்ஆர்_மாலை (கேள்வி)

பகலில் சென்னை டீமையும் இரவு 9.30-லிருந்து அமெரிக்க கிளையன்ட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஐடி டீம் லீடுகளைப் பற்றிக் கேட்கிறேன். அப்ரைசலில் எப்போதும் முதல் வரிசை. ஆனால் பேசிப் பார்த்தால் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: விடிகாலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சனிக்கிழமை காலை தலை பிளக்கிறது, வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறோம். இது வெறும் களைப்பா, இல்லை நரம்பு மண்டலத்திலேயே மாற்றமா? மாற்றம் என்றால் வேலையின் தரம் ஏன் குறையவில்லை? ஒரு வாரம் ஊட்டி போய் வந்தால் சரியாகிவிடுமா? "ஸ்ட்ரெஸ்ஸைக் குறைங்க" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

நரம்புத்தறி

மாற்றம்தான். அழுத்தம் வந்ததும் உடம்பில் இரண்டு பாதைகள் வேலை செய்யும். முதல் பாதை நொடிக்கணக்கு: ஆபத்தில் உடம்பை உசுப்பும் பரிவு நரம்புகள் முடுக்கிவிட, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உள்பகுதி அட்ரினலினைக் கொட்டும். இரண்டாவது நிமிடக்கணக்கு: மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரீனலின் வெளிப்பகுதிக்குச் சொல்லும், அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் வரும். வந்த கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டு நடக்கிற இடங்களில் முக்கியமானது, நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ். அழுத்தம் மாதக்கணக்கில் நீண்டால் கெடுவது இந்த நிறுத்தும் வேலை. உசுப்பினால் உடம்பு உடனே கிளம்பிவிடுகிறது. அடங்கத்தான் மாட்டேன் என்கிறது.

பெங்களூருவில் உள்ள என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளில் இதைக் காட்டியிருக்கிறது. 2002-இல் வந்த ஆய்வில் எலிகளைத் தினமும் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் கிளைகள் பெருகின. 2004-இல் அடுத்த கேள்வி: விட்டுவிட்டால் தேறுமா? 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டதும் ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலா தேறவில்லை, எலிகளின் பதற்றமும் போகவில்லை. எலியை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் ஊட்டிக் கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. மறதியும் மந்தமும் முதலில் விலகலாம். எரிந்து விழுவது போக இன்னும் நாளாகலாம். ஒரு வாரத்தில் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது.

வேலையின் தரம் குறையவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதை அளக்கிறீர்கள் என்று பாருங்கள். 2009-இல் நியூயார்க்கில் பெரிய பரீட்சைக்கு ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களைச் சோதித்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் இணைப்புகளும் தளர்ந்திருந்தன. பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் சீராகியிருந்தன. அதே 2009-இல் எலிகளில் வந்த இன்னொரு ஆய்வு, நெடுநாள் அழுத்தத்தில் மூளை யோசித்து முடிவெடுப்பதைக் குறைத்துக்கொண்டு பழக்கத்தின் மேல் சாய்கிறது என்று காட்டியது.

டீம் லீடின் வேலையில் பெரும்பகுதி பழக்கம்தானே! நூறு தடவை செய்த சாஃப்ட்வேர் ரிலீஸை அவர் தூக்கக் கலக்கத்திலும் முடித்துவிடுவார். அவர் திணறுகிற இடம் வேறு. ஒரு டிக்கெட்டை, அதாவது சரிசெய்ய வேண்டிய வேலைக் குறிப்பை, படிக்கும்போது சாட் வருகிறது, பதில் போட்டுவிட்டுத் திரும்புகிறார், அதே வரியை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார். புதிதாக ஒரு டிசைன் யோசிக்கச் சொன்னால் போன பிராஜெக்ட்டில் செய்ததையே எடுத்து வைக்கிறார். இதெல்லாம் அப்ரைசல் ஷீட்டில் ஏறுவதில்லை. அவரைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிற மேனேஜர் டெலிவரி தேதியை விட்டுவிட்டு இதைத்தான் கவனிக்க வேண்டும்.

உறக்கம்_முதல்

3 மணி விஷயம். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். பின்பாதியில் தூக்கம் மேலோட்டமாகும், நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தில் இருந்த கார்டிசாலும் மெல்ல ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் எல்லாருக்கும் லேசாக விழிப்பு தட்டும். அடங்கிய உடம்பு புரண்டு படுத்துக்கொள்ளும். அடங்காத உடம்பு முழுசாக விழித்து நாளைய மீட்டிங்கை ஓட்ட ஆரம்பித்துவிடும். தூக்கம் வருவதற்காகக் குடிப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். மதுவின் மயக்கம் தெளிகிறபோது பின்பாதித் தூக்கம் துண்டு துண்டாகிவிடும்.

சனிக்கிழமைத் தலைவலிக்கு இரண்டு காரணங்கள் உண்டு, கலந்தும் வரும். ஒன்று, மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி இருப்பவர்களுக்கு அழுத்தம் ஏறும்போதைவிட சட்டென்று இறங்கும்போதுதான் வலி கிளம்புகிறது. இறங்கிய முதல் 6 மணி நேரத்தில் ஆபத்து அதிகம் என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டாவது காபி. ஆபீஸில் ஐந்து கப், வீட்டில் ஒன்று என்றால் கஃபீன் நின்று 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு வாரம் சனி ஞாயிறிலும் வேலை நாளின் அதே நேரத்தில் அதே அளவு காபி, எழுவதும் அதே நேரத்தில். வலி வராவிட்டால் காபி குறைந்ததோ தாமதமாக எழுந்ததோதான் காரணமாக இருக்கும். பிறகு வாரத்துக்கு அரை கப் வீதம் குறைத்துக்கொண்டு வரலாம்.

ஓஎம்ஆர்_மாலை

நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரவில் கிளையன்ட்டோடு போன் கால் பேசுவதை நிறுத்த முடியாது, அது காண்ட்ராக்ட்டிலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது?

உறக்கம்_முதல்

அந்தக் கால் முடிகிற நேரத்திலிருந்து தொடங்குங்கள். 11 மணிக்குக் கால் முடித்து 11.05-க்குப் படுத்தால் தூக்கம் வராது, உடம்பு இன்னும் மீட்டிங்கில்தான் இருக்கும். நடுவில் குறைந்தது 40 நிமிடம் வேண்டும். முதல் 5 நிமிடம் நாளை செய்ய வேண்டியதைப் பேனாவால் காகிதத்தில் எழுதுங்கள். "ரிவ்யூ" என்று ஒற்றைச் சொல்லாக வேண்டாம், "10.30-க்குப் பேமென்ட் மாட்யூல் ரிவ்யூ, முதலில் லாக் ஃபைல்" என்று. 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் நாளைய வேலையை எழுதியவர்கள், முடித்த வேலையை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். அதன் பிறகு லேப்டாப்பை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

எழுகிற நேரம் ஏழு நாளும் ஒன்றாக இருக்கட்டும். படுக்கிற நேரத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 3 மணிக்கு விழித்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். படுத்தபடியே போராடினால் கட்டிலைப் பார்த்தாலே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடும். மணி பார்க்கவும் கூடாது. கஃபீனில் பாதி கழியச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும், அதனால் கடைசி காபி மதியம் 2 மணிக்கு. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் கழியும், அவர்கள் காலையோடு நிறுத்துவது நல்லது.

மேனேஜர் பக்கம் ஒரே ஒரு விதி போதும்: கால் முடிந்ததிலிருந்து 11 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த நாள் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. இரவு 11-க்கு முடித்தவரை காலை 9 மணி ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு இழுக்காதீர்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னதை ஹெச்ஆர் மீட்டிங்கில் எடுத்து வையுங்கள். கருணையாகக் கேட்பதைவிட எண்ணோடு கேட்டால் எடுபடும்.

நரம்புத்தறி

மூச்சுப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம், நிறையப் பேர் தப்பாகச் செய்வதால் எழுதுகிறேன். நிமிடத்துக்கு 6 மூச்சு: மூக்கால் 4 நொடி இழுத்து 6 நொடி விடுவது, 5 முதல் 10 நிமிடம். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும். "ஆழமாக" என்றதும் மார்பு விரிய இழுப்பதுதான் தப்பு. அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனி மரத்துப்போய்த் தலை சுற்றும். பயந்துபோய் விட்டுவிடுவார்கள். காற்றின் அளவு சாதாரணமாகவே இருக்கட்டும், வேகம் மட்டும் குறையட்டும்.

வாட்சில் வரும் ஹெச்ஆர்வி எண்ணை, அதாவது இதயத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதைப், பக்கத்து சீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். வயது கூடக்கூட அது குறையும், ஒரு காய்ச்சல் வந்தாலும் குறையும். உங்களுடைய 7 நாள் சராசரி மூன்று வாரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் போதும்.

லேப்ரிப்போர்ட்

எல்லாவற்றையும் ஸ்ட்ரெஸ் கணக்கில் எழுதுவதற்கு முன் ரத்தத்தைப் பாருங்கள். டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் பி12, சர்க்கரை, அதோடு ரத்த அழுத்தம். தைராய்டு கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் அச்சாக இதே மாதிரி இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம், கை கால் மரமரப்பும் மறதியும் அதில் வரும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு டெஸ்ட்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும்.

பேக்கேஜில் சேர்த்து விற்கிற கார்டிசால் டெஸ்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காலை 8 மணி கார்டிசால், அட்ரீனல் போதிய கார்டிசால் சுரக்காத அடிசன் போன்ற நோய்களைச் சந்தேகிக்கும்போது டாக்டர் எழுதுவது. வேலை அழுத்தத்தை அது அளக்காது. அழுத்தத்தால் அட்ரீனல் களைத்துவிட்டது, "அட்ரீனல் ஃபட்டீக்" என்று நெட்டில் ஓடுவதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் நோயாகவே ஏற்கவில்லை.

நடந்தால் நெஞ்சு இறுகுவது, காரணமில்லாமல் எடை இறங்குவது இருந்தால் இந்த யோசனைகளை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

ஓஎம்ஆர்_மாலை

டீமில் பாதிப் பேர் அஸ்வகந்தா கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார்கள். தொடரலாமா?

லேப்ரிப்போர்ட்

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் வேண்டாம். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது, தைராய்டு அளவையும் அது மாற்றக்கூடும். மற்றவர்கள் சாப்பிட்டாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, உடம்பு அரிப்பது இதில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். பாட்டிலைக் கையோடு டாக்டரிடம் எடுத்துப் போகட்டும்.