எருவ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நியூயார்க் யூதர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'எருவ்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் விலக்கப்பட்ட 39 வேலைகளில் ஒன்று, வீட்டிலிருந்து தெருவுக்குப் பொருளை எடுத்துச் செல்வது. சாவியும் கூடாது, குழந்தை வண்டியும் கூடாது. அதனால் கம்பங்களுக்கு மேலே கம்பி இழுத்து, பல தெருக்களை ஒரே வீட்டெல்லைக்குள் கொண்டுவருகிறார்கள். இதுதான் எருவ். மன்ஹாட்டனில் வாராவாரம் ஓய்வுநாளுக்கு முன்பு கம்பி அறுந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கிறார்கள். 'எருவ்' என்றே போட்டால் உரம் என்று நினைத்துவிடுவார்கள். 'ஓய்வுநாள் வேலி' சரியா?

———

வேலி வேண்டாம் தம்பி, இது வாசல். கம்பங்கள் நிலைக்கால், கம்பி மேல்கட்டை. கம்பி கம்பத்தின் உச்சிக்கு மேலேயே போக வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் செல்லாது. எபிரேயத்தில் சொல்லின் பொருள் 'கலப்பு'. குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உணவை வைத்தால்தான் அது நிறைவேறும். பெரும்பாலும் தொழுகைக்கூடத்தில் மட்சா என்னும் புளிக்காத அப்பம் வைத்திருப்பார்கள். ஆகவே வினைத்தொகையாகக் 'கலவளவு' என்கிறேன். வளவு என்றால் வீடும் அதைச் சேர்ந்த இடமும்; யாழ்ப்பாணத்திலும் செட்டிநாட்டிலும் இன்றும் புழங்கும் சொல்.

———

ஐயா, 'மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்' என்ற நன்னூல் விதிப்படி கலம் + அளவு என்பதும் கலவளவுதானே? பாத்திரத்தின் அளவு என்று படிப்பார்கள். 'பொது வளவு' எளிது. இன்னொன்று: மாலையைக் குறிக்கும் 'எரெவ்' எபிரேயத்தில் இதே மூன்றெழுத்துதான். நம் 'இரவு' அதனோடு ஒட்டவில்லையா? தோகைக்கும், மயிலைக் குறிக்கும் எபிரேய 'துக்கி'க்கும் உள்ள உறவைக் கால்டுவெல்லே பேசியிருக்கிறார்.

———

துக்கி மயிலோடு கப்பலில் போன சொல் என்பார்கள். இரவை யாரும் ஏற்றுமதி செய்வதில்லை அம்மா. எரெவ் 'அயின்' என்னும் தொண்டையொலியில் தொடங்குகிறது, இரவு இருளோடு சேர்ந்தது. அப்புறம், 'பொது' என்றால் சட்டமே தலைகீழாகிவிடும். பொது இடத்தைத் தனியிடமாகக் கருத வைப்பதுதான் எருவ். 'கூட்டுவளவு' என்றால் பல வீட்டார் சேர்ந்து ஆளும் தனியிடம்.

———

சரி, படத்துக்குக் 'கூட்டுவளவு' என்று போடுகிறேன். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டது இதுதான், வசனவரியிலும் அடங்குகிறது.

———

படத்துக்குப் போடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. நம் குழுவின் சொற்பட்டியலில் ஏற்ற மட்டும் உடன்பட மாட்டேன். பண்டிகை வெள்ளிக்கிழமை வந்தால், மறுநாள் ஓய்வுநாளுக்கு அன்று சமைக்க வேண்டி, பண்டிகைக்கு முன்பே கொஞ்சம் உணவை எடுத்து வைப்பார்கள். அதுவும் எருவ்தான். 'எருவ் தவ்ஷிலின்' என்பார்கள். அதில் கம்பமும் இல்லை, வளவும் இல்லை. அதற்கு என்ன சொல்வீர்கள்? கலப்பு என்ற பொருள் சொல்லில் இருந்தே ஆக வேண்டும்.